மிக்சி நாள்

தீ வருவதற்கு முன் எங்கள் வீட்டில் கடைசியாக நடந்தது ஒரு செருப்புச் சண்டை. தவமணி பெரியகுளம் சந்தையிலிருந்து மகளுக்கு வாங்கி வந்த ரப்பர் செருப்பில் இரண்டுமே இடது கால்.

“ஒரு தடவ போட்டுப் பாத்து வாங்க மாட்டீகளா?” என்றேன்.

“எங்காலு அதுக்குள்ள போகுமாடி?”

பதினைந்து வயது தர்ஷிகா இரண்டையும் மாட்டிக்கொண்டு முற்றத்தில் ஒரு பக்கமாகவே சாய்ந்து நடந்து காட்டினாள். “இதப் போட்டா வலது பக்கம் திரும்ப முடியாதுப்பா. பள்ளிக்கூடம் இடது பக்கந்தான், பரவாயில்ல.” அவர் சிரித்தார். அடுத்த சந்தைக்கு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். பிறகு இருவரும் ஓடைப் பக்கம் பிய்ந்துகிடந்த தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போனார்கள். பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி. நான் தபால் முத்திரையில் தேதியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

செம்பராமேடு, பெரியகுளத்துக்கு மேலே ஜீப்பில் இரண்டு மணி நேரம். காப்பி, ஆரஞ்சு, மலைவாழை. நாற்பத்தொரு வீடுகளில் ஒன்றின் முன்னறைதான் கிளை அஞ்சலகம். அதை நடத்துகிறவள் நான். பெயர் நாகஜோதி. ஊரில் பாதிப் பேருக்கு நான் போஸ்டம்மா.

தீயைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கீழ்ச்சரிவில் காய்ந்துகிடந்த உண்ணிச்செடிப் புதர்களில் பிடித்தது, காற்று திரும்பியதும் இருபது நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். முப்பது வீடுகள் போயின. மேட்டில் நின்ற செல்போன் டவரும் போனது. தவமணி மகளைப் பாறை இடுக்கில் தள்ளிவிட்டு, தன் உடம்பால் அதன் வாயை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். முழுதாக அடைக்க முடியவில்லை. ஜீப் ஓட்டும் ஒச்சப்பன் அவர்களைத் தூக்கி வந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. அவருக்கு இல்லை.

அவரை ஊர்க்காரர்கள் அடக்கம் செய்தார்கள். நான் மதுரையில், தீக்காய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எவரையும் நான் பார்க்கவில்லை.

டாக்டர் மெஹருன்னிசா என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துச் சொன்னார். “உடம்புல பாதிக்கு மேல தோல் இல்லம்மா. அவ தோலையே எடுத்து ஒட்டலாம்னா மிச்சமில்ல. அடுத்தவங்க தோலத்தான் வைக்கணும்.”

“அடுத்தவுக தோலு ஒட்டுமா?”

“சாதாரணமா மூணு வாரத்துல உடம்பு அதத் தள்ளிரும். இப்ப ஒரு வழி இருக்கு. வீட்டுல நாய் வளர்க்கிறீங்களா?”

“இருந்துச்சு.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார். “புது ஆள் வந்தா நாய் குரைக்கும். நீங்க பக்கத்துல நின்னு, நம்மாளுதான்னு தடவிக் கொடுத்தா அடங்கும். ஆனா ஒரு தடவ போதாது. அந்த ஆள் திரும்பத் திரும்ப வரணும். இங்கயும் அப்படித்தான். தோல் கொடுத்தவங்க நாற்பது நாளைக்கு ஒரு தடவ ரத்தம் கொடுக்கணும். ஒரு மெஷின் அதுலருந்து கொஞ்சமா ஒண்ணைப் பிரிச்செடுக்கும். அத உங்க பொண்ணுக்கு ஊசியாப் போடுவோம். ஆறு மணி நேரத்துக்கு மேல அது தாங்காது, அதனால சேத்து வைக்க முடியாது. ஆளு வந்தே ஆகணும்.”

“எத்தன நாளைக்கு?”

“ஒரு வருஷமா இருக்கலாம். மூணு வருஷமாவும் இருக்கலாம். நடுவுல ஒருத்தர் வரலைன்னா அவங்க கொடுத்த இடம் மட்டும் உரிஞ்சு போயிரும்.”

“எத்தன பேரு வேணும்?”

“பன்னிரண்டு. உங்களோடது சேரலன்னு டெஸ்ட்ல தெரிஞ்சுது. ஒருத்தர்கிட்ட ஒரு உள்ளங்கை அளவுதான் எடுப்போம். அத வளர்த்துப் பெருசாக்குவோம்.”

எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. தவமணிக்கு ஒரே அண்ணன், அவரும் துபாயில். வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒச்சப்பனிடம், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். யாரையும் கூட்டிவரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு இல்லை. அவன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை இரண்டு ஜீப்பும் ஒரு பால் வண்டியும் வந்து நின்றன. முப்பத்தொரு பேர். பலருக்குத் தலையில் இன்னும் சாம்பல் இருந்தது. அதில் பாதிப் பேருக்கு வீடே இல்லை. பரிசோதனை முடிந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்ததும், மற்றவர்கள் நர்ஸிடம் சண்டைக்குப் போனார்கள்.

“எந்தோலுக்கு என்ன கொறச்சல்?” என்றார் ஒருவர்.

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கு ஐயா.”

“இருந்துட்டுப் போகுது. தோல்லயா இருக்கு?”

தீக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

*

ஐந்து மாதம் கழித்துத் தர்ஷிகாவை ஊருக்குக் கூட்டிவந்தோம். பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். புது வீடுகள் கட்டும் வேலை அந்த மைதானத்தை ஒட்டியே தொடங்கியிருந்தது. முதலில் யாருக்கு என்று ஊரில் பேச்சு வந்தபோது, “பிள்ளைக்குத் தகரச் சூடு ஆகாது” என்று சொல்லி எங்களுக்குத்தான் முதல் கூரை போட்டார்கள். மருத்துவமனை அந்த இயந்திரத்தையும் எங்களோடு அனுப்பியது. மிக்சி அளவு இருக்கும், சத்தமும் அதே மாதிரிதான். அதை எப்படி இயக்குவது, ஊசியை எப்படிப் போடுவது என்று எனக்கு ஒரு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாற்பதாவது நாளும் எங்களுக்கு ‘மிக்சி நாள்’ ஆனது. மதுரையில் நடந்த மூன்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டோம்.

ஒருவர் கையை நீட்டினால் நாற்பது நிமிடத்துக்கு அதை எடுக்க முடியாது. ரத்தம் உள்ளே போய்ச் சுற்றி, வேண்டியதை விட்டுவிட்டு, மறுபடி உடம்புக்கே திரும்பும். முடிந்ததும் மணி அடிக்கும். பன்னிரண்டு பேருக்கு ஒரு முழுப் பகல். காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். தங்கள் முறை முடிந்தும் போகமாட்டார்கள். ஒருவர் அரிசி கொண்டுவருவார், ஒருவர் மொச்சை. டவர் இல்லாததால் யாருக்கும் போனில் வேலை இல்லை. மூன்று நாள் முன்னாலிருந்தே குடிக்கக் கூடாது என்பது விதி. ஒச்சப்பன் மனைவி மாதம் ஒரு மிக்சி நாள் வைக்கச் சொல்லி எனக்கு மனுவே கொடுத்தாள்.

தர்ஷிகாவின் உடம்பு ஒரு வரைபடம் போல ஆகியிருந்தது. முதுகில் ஆரஞ்சுத் தோட்டக் காவலர் டேனியல், இடது கையில் ஒச்சப்பன், கழுத்திலும் தாடையிலும் கோகிலா, வலது கையில் காலனி மாயக்காள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறம். முதல் மாதங்களில் அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தாள். மிக்சி நாளில் மட்டும் அவளே பேச்சைத் தொடங்குவாள்.

“மாயக்கா, ஓங்கையி ரொம்ப வேர்க்குது. பேனா வழுக்குது.”

“காப்பி பறிச்ச கையி தாயி. நீ பேனாவப் புடிச்சா அது என்னாண்டு முழிக்கும்ல?”

அந்தக் கையால் ஒரு சங்கடமும் வந்தது. தீயில் இறந்தவர்களுக்காக மேட்டுத்தெருக் கோயிலில் அன்னதானம் போட்டோம். தர்ஷிகா பந்தியில் வடை பரிமாறினாள். பெரிய வீட்டுக்காரர் ஒருவர், காலனியில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தறியாதவர், அவள் வலது கையைப் பார்த்துவிட்டு இலையை லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் பார்த்துவிட்டாள்.

“வலது கை மாயக்கா. இடது கை ஜீப் மாமா. எதுல போடட்டும்?”

இடது கையால் பரிமாறினால் வாங்கக் கூடாது. வலது கையால் போட்டால் மாயக்காள். அவர் கொஞ்ச நேரம் வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வலதுலயே போடு” என்றார். இரண்டு வடை சாப்பிட்டார்.

இப்படிச் சிரித்த நாட்களை எழுதும்போது, மிச்சம் முப்பத்தொன்பது நாட்களையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் எல்லோருக்கும் அவரவர் சுவர், அவரவர் கூரை, அவரவர் கருகிய காப்பிச் செடி. தர்ஷிகா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நான் தபால் பையைக் கட்டுவேன், அவிழ்ப்பேன். நாங்கள் இருவரும் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். நாட்காட்டியில் மிக்சி நாளை நான் வட்டம் போட்டு வைத்தேன். முப்பது கழிந்ததும் அவள் எழுந்து உட்காரத் தொடங்குவாள்.

எல்லோருக்கும் அது சிரிப்பாக இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கோகிலாவுக்கு இருபத்திரண்டு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவள். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்குள் நட்டிருக்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஒருமுறை கடலுக்குப் போனால் தொண்ணூறு நாள் அங்கேயே இருக்க வேண்டும். நாற்பதாம் நாள் செம்பராமேட்டில் இருக்க முடியாது. அவள் போகாவிட்டால் தர்ஷிகாவின் கழுத்து உரியாமல் இருக்கும். அவள் சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டாள், கிடைத்தது. மறுபடி கேட்டாள், அதுவும் கிடைத்தது.

அவள் அம்மா முத்துப்பேச்சி என்னிடம் ஒளிக்காமல் சொல்லுவாள். “ஏ நாகு, ஓம்மகளுக்குக் கழுத்தக் குடுத்து எம்மக காலக் கட்டிப்போட்டாச்சு.” சொல்லிவிட்டு எனக்கு வாழைத்தார் இறக்கிவைத்துப் போவாள்.

*

ஒன்பதாவது மிக்சி நாள் முடிந்து பத்து நாள் இருக்கும். காலைப் பையை அவிழ்த்தபோது மருத்துவமனை உறை ஒன்று என் பெயருக்கு இருந்தது. ஒரு பக்கக் கடிதம்.

‘பன்னிரு கொடையாளிகளின் தோலையும் நோயாளியின் உடல் முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டதாகக் கடைசியாக அனுப்பிய ரத்த மாதிரியின் பரிசோதனை காட்டுகிறது. பத்தாவது அமர்வு தேவையில்லை. தொடர்ந்தால் தீங்கில்லை, பயனுமில்லை. இயந்திரத்தை வசதிப்படும்போது திருப்பி அனுப்பலாம். கொடையாளிகளுக்கு எங்கள் நன்றியைத் தெரிவிக்கவும்.’

மகள் பிழைத்துவிட்டாள் என்று சொல்லும் கடிதம் அது. நான் அதை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு கார்டைக்கூட நான் நிறுத்திவைத்ததில்லை. உரியவரிடம் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் திருப்ப வேண்டும். அந்தக் கடிதம் என் பெயருக்கு வந்தது உண்மைதான். ஆனால் அது பன்னிரண்டு பேருக்குப் போக வேண்டிய கடிதம். அதை மடித்து எடைத் தராசின் அடியில் வைத்தேன். ஒரே ஒரு தடவை, பத்தாவது நாள் மட்டும் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

பத்தாவது நடந்தது. டேனியல் பேரன் பிறந்த சேதியோடு வந்தார். தீயில் மனைவியைப் பறிகொடுத்தவர், அன்றுதான் பல் தெரியச் சிரித்தார். எப்படிச் சொல்வேன்? பதினொன்றும் நடந்தது. தர்ஷிகாவுக்கு ஊசி போடும்போது அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். கோகிலாவின் கையில் ஊசி ஏற்றும்போது இரண்டு முறை நரம்பைத் தவறவிட்டேன். “என்னத்த, வயசாகிருச்சா?” என்று அவள் கேட்டாள்.

பன்னிரண்டாவது மிக்சி நாள் ஆகஸ்ட் மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. காலையில் தபால் பெட்டியைத் திறந்தபோது அதில் ஒரே ஒரு உறை. கோகிலாவின் கையெழுத்து. தூத்துக்குடி கம்பெனி முகவரி. உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்தபடியே முத்திரை குத்தினேன். மதியம் மூன்று மணிக்கு ஒச்சப்பன் ஜீப்பில் பை கீழே போகும்.

ஏழு பேர் முடிந்து எட்டாவதாகக் கோகிலா உட்கார்ந்தாள். இயந்திரம் உறுமத் தொடங்கியது.

“ஏ கோகிலா, கப்பலுக்கு எப்பப் போற?” என்றான் ஒச்சப்பன்.

“கப்பல் இல்ல மாமா, காத்தாடி.”

“ஏதோ ஒண்ணு. சொல்லு.”

“போகல. மூணாவது வாட்டி தேதி தரமாட்டாகளாம். வர்ற திங்கக்கெழம சேரலன்னா வேற ஆளப் போட்டுருவாகளாம். நான் வரலன்னு எழுதிப் பெட்டில போட்டுட்டேன்.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

நான் முன்னறைக்குப் போனேன். தராசைத் தூக்கினேன். கடிதத்தை எடுத்துவந்து அவர்கள் நடுவில் நின்று படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வந்த தந்தியைப் படிக்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை, ஒரு சொல் விடாமல். படித்து முடித்ததும், “இது வந்து நூறு நாளுக்கு மேல ஆச்சு. நாந்தான் மறைச்சேன்” என்றேன்.

டேனியல் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தேதி என்ன மதினி போட்டுருக்கு?” என்றான் ஒச்சப்பன்.

“ஏப்ரல் இருவத்தெட்டு.”

“எனக்கு முப்பதாந்தேதி வந்துச்சு. மூணாம் வளைவுல சிக்னல் கிடைக்கும்ல, அங்கன வண்டி திரும்பையில போனு டொய்ங்குன்னுச்சு. வண்டிய நிப்பாட்டிப் படிச்சேன்.”

“என்ன படிச்சீக?”

“இதேதான். இனிமே வர வேணாம், நன்றின்னு.”

“எனக்குச் சந்தைக்குப் போனப்ப வந்துச்சு” என்றார் டேனியல். “எனக்கும்” என்றது மூலையிலிருந்து ஒரு குரல். இன்னொரு குரல். மாயக்காளிடம் போன் இல்லை. அவள் மகன் படித்துச் சொல்லியிருக்கிறான். டவர் எரிந்த ஊரில் சேதி கடிதத்தில் மட்டுந்தான் வரும் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான். ஊர் திரும்பியதிலிருந்து நான் மலையை விட்டு இறங்கவே இல்லை.

“தெரிஞ்சும் ஏன் வந்தீக? ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?”

மாயக்காள்தான் பதில் சொன்னாள். “சாவு வீட்டுலருந்து எந்திரிச்சுப் போறவுக சொல்லிக்கிட்டா போவாக போஸ்டம்மா? போயிட்டு வாறேன்னு சொன்னா ஆகாது. சொல்லாமப் போகணும். இங்க எப்புடிச் சொல்லாமப் போறது? நீங்க வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கீக. சரி, இன்னொரு வாட்டி வந்துட்டுப் போவம்னு வந்தேன்.”

“எனக்கும் வீட்டுல உக்காந்து பாக்கச் சுவருதான் இருக்கு” என்றார் டேனியல், யாருக்கோ சொல்வது போல.

அப்போது கோகிலா சொன்னாள். “எனக்கு வரல.”

எல்லோரும் திரும்பினோம்.

“எனக்கு மெசேஜ் வரல. எம்போனு தீயில போயிருச்சு. ஆஸ்பத்திரில அம்மா நம்பரத்தான் குடுத்தேன்.” அவள் குரல் ஏறியது. “அம்மா?”

முத்துப்பேச்சி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “வந்துச்சு” என்றாள்.

“எப்ப?”

“மே மாசத்துல.”

“ஏம்மா சொல்லல?”

“கடலு நடுவுல நூறாளு ஒசரத்துல ஏறி நிக்கணும்ங்குற. ஒரு தீயப் பாத்தாச்சு. ஏழு பேரு போயாச்சு. ஒன்னயவும் தண்ணிக்குக் குடுக்கவா?” அவள் என்னைக் காட்டினாள். “இவ மறுபடி கூப்புட்டா. இவளுக்குத் தெரியலையாட்டுக்குன்னு நானும் விட்டுட்டேன்.”

“கால் கட்டிப்போட்டாச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியே!”

“சொன்னேன். அவுத்துவிட மனசு வரல.”

கோகிலா எழப் பார்த்தாள். ஆனால் அவள் கை இயந்திரத்தில் இருந்தது. திரையில் இன்னும் பதினெட்டு நிமிடம் காட்டியது. நடுவில் பிடுங்கினால் உள்ளே போன ரத்தம் திரும்பாது. வெளியே ஓடக்கூட வழியில்லாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். முதலில் அம்மாவை. பிறகு என்னை.

“அத்த, வெறுங்கையோட வாடின்னு கூப்புட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? ரத்தத்த வாங்கிக்கிட்டுத்தான் காப்பி குடுப்பீகளா?”

நான் கடிதத்தை நான்காக மடித்தேன்.

தர்ஷிகா தன் தொடையில் இருந்த ஊசித் தடங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். “முப்பத்தொண்ணும்மா” என்றாள். “ரெண்டு வாட்டி பன்னெண்டு. இன்னிக்கு ஏழு. முப்பத்தொரு ஊசி சும்மா குத்தியிருக்க.”

“ஆமா.”

“வலிச்சுச்சு.”

“தெரியும்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. பிறகு மற்றவர்களிடம், “மிச்ச அஞ்சு பேரு கை நீட்ட வேணாம். சாப்புட்டுட்டுப் போங்க” என்றாள்.

மணி அடித்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினேன். கோகிலா தன் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

“அந்தக் கவர்?” என்றாள்.

“பையிலதான் இருக்கு.”

“குடுங்க.”

“பெட்டில போட்டது அப்புடியே குடுக்கக் கூடாது. அனுப்புனவுக எழுதிக் கேக்கணும். எழுதிக் குடு, தர்றேன்.”

அவள் என்னை முறைத்தாள். முறைத்துக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நூறு நாளு லெட்டரத் தராசுக்கடியில வச்சவுக ரூலு பேசுறாக பாரு!” ஒச்சப்பன் பெரிதாகச் சிரித்தான். டேனியல்கூடச் சிரித்தார். நான் ஒரு தாள் கொடுத்தேன். ‘நான் போட்ட தபாலைத் திருப்பித் தரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உறையைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அம்மாவின் மொச்சைத் தோல் குவியலில் போட்டாள்.

முத்துப்பேச்சி கிழிந்த தாளைப் பார்த்தாள். “வெள்ளிக்கெழம எறங்குனாத்தான் திங்கக்கெழமக்குள்ள போவ” என்றாள் மகளிடம். “ஸ்வெட்டர எடுத்துக்க. கடக்காத்து ஆகாது.”

சாப்பிட்டு முடிந்ததும் கோகிலாதான் முதலில் எழுந்தாள். தர்ஷிகாவின் கழுத்தில், தன் தோல் இருக்கும் இடத்தில், இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். சூடு பார்ப்பது போல. பிறகு வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

“போயிட்டு வாறேன் அத்த.”

மாயக்காள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்த வாசலில் அந்தச் சொல்லை ஒரு வருடமாக யாரும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தவர்கள் எல்லோரும் சும்மாவே எழுந்து போயிருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

“போயிட்டு வா” என்றேன்.

பிறகு டேனியல் எழுந்தார். “போயிட்டு வாறேன்மா.” ஒச்சப்பன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாறேன் மதினி” என்றான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். மாயக்காள் கடைசி. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

*

இயந்திரத்தை மறுவாரம் மதுரைக்கு அனுப்பினோம். பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் வருவது நின்றுவிட்டது. டேனியல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது வருகிறார், தர்ஷிகாவுக்கு ஆரஞ்சு, எனக்குப் பேரன் படம். முத்துப்பேச்சி தன் மகளைப் பற்றிக் குறைபட வருகிறாள். மாயக்காள், வேர்க்கிற கைக்கு ஏதோ பச்சிலை கொண்டுவந்து தேய்த்துவிடுகிறாள். பலன் இல்லை. சில வாரம் யாருமே வருவதில்லை. முதலில் அந்த நாட்களில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தர்ஷிகா கிளம்பிவிடுகிறாள், “வாம்மா, நம்ம போவம்” என்கிறாள். டேனியலின் தோட்டத்துக்கு, காலனிக்கு, எங்கே தோன்றுகிறதோ அங்கே. போன மாதம் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்தாள்.

நேற்று காலைப் பையில் அவள் பெயருக்கு ஒரு உறை வந்தது. கோகிலா கடலிலிருந்து எழுதியது. உப்புக் காற்றில் தன் முகம் உரிகிறதாம். ‘உன் கழுத்து உரியாதே? அப்போ நல்ல தோலை உனக்குக் கொடுத்துவிட்டு மோசமானதை நான் வைத்துக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்துத் தர்ஷிகா சிரித்தது முன்னறை வரை கேட்டது.

உறையை எடுத்துப் பார்த்தேன். பழக்கத்தில் பழைய முகவரியையே எழுதியிருக்கிறாள். வீட்டு எண் பதினாறு, மேட்டுத்தெரு, பிள்ளையார் கோயில் அருகில். பதினாறாம் எண் இப்போது இல்லை. மேட்டுத்தெருவில் கோயில் மட்டும் தனியாக நிற்கிறது, தெரு இல்லை. புது வீடுகளுக்கு இன்னும் எண் போடவில்லை. கீழே, தடித்த எழுத்தில், ஆறு இலக்கங்கள். எங்கள் ஊரின் பின்கோடு. அது மாறவில்லை.